மறுப்பதற்கு முன் கேட்டல்



நம் பாடசாலைகளில் விவாதப் போட்டிக்குக் குறைவில்லை. தமிழ்த்தினம், வாணிவிழா, மாணவர் மன்றம் என்று மேடைகள் பல. பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் ஒருவன் பேசும்போது மற்றைய அணி மாணவன் என்ன செய்கிறான் என்று கவனித்திருக்கிறீர்களா? தன் கையிலுள்ள தாளை மனனஞ் செய்துகொண்டிருப்பான். எழுந்ததும், "எதிரணியினர் கூறியது போல" என்று தொடங்குவான். எதிரணியினர் அப்படிக் கூறியிருக்கவே மாட்டார்கள். நடுவரோ குரலுக்கும் மேற்கோளுக்கும் புள்ளியிட்டுவிட்டுப் போய்விடுவார்.

'பாடம் கேட்டான்' என்று சொல்வது நம் மரபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரிலே, தம் கொள்கையைக் கூறும் சுபக்கத்துக்கு முன்னே பரபக்கத்தை வைத்தார். அங்கே உலகாயதன் முதலாகப் பிற மதத்தார் ஒவ்வொருவர் கொள்கையும் முதலில் எடுத்துரைக்கப்படுகிறது. மறுப்பு அதன் பின்னரே வருகிறது. அமெரிக்க உளவியலாளர் காள் றொஜர்ஸ் 1951இல் ஆற்றிய உரையொன்றில் இதையொத்த விதியொன்றைச் சொன்னார். முன்னர் பேசியவரின் கருத்தை, அவர் 'ஆம், அதுதான்' என்று ஒப்பும்படி திருப்பிச் சொன்ன பின்னரே ஒருவர் தம் கருத்தைப் பேசலாம் என்பது அது.

இந்த விதியை வைத்துச் சிலப்பதிகார வகுப்பிலே கலந்துரையாடல் நடத்துகிறேன். ஆறு பேர் ஒரு குழு. பொருள்: கோவலன் கொலைக்குப் பாண்டியன் பொறுப்பாளியா?

ஒரு மாணவன் பாண்டியன் பக்கம் பேசினான். மறுக்க எழுந்தவன், "கள்வனைக் கொல்வது குற்றமில்லை என்கிறாய்" என்றான். முதலாமவன் தலையை ஆட்டி, "இல்லை, நான் அதைச் சொல்லவில்லை. அரண்மனைப் பொற்கொல்லனை நம்ப மன்னனுக்குக் காரணம் இருந்தது என்றேன்" என்றான். மற்றவன் சற்று நின்றான். பிறகு, "சரி, பொற்கொல்லனை நம்பக் காரணம் இருந்தது என்கிறாய்" என்று திருப்பிச் சொன்னான். ஒப்புதல் கிடைத்தது. உடனே கேட்டான்: "அவனை நம்பக் காரணம் இருந்தது. கோவலனிடம் ஒரு கேள்வி கேளாதிருக்க என்ன காரணம் இருந்தது?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. முதலில் அவன் சொல்ல வந்த மறுப்பு இதுவன்று, கேட்டபின் பிறந்தது. வழக்குரை காதையிலே அதே பாண்டியன் கண்ணகி சொல்வதைக் கேட்கிறான். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். தேவியின் சிலம்பிலுள்ளது முத்து என்று தன் வாயாலேயே அவன் சொல்லிவிடுகிறான். அவளுடைய சொல்வன்மை வென்றதற்கு அவனுடைய செவியும் ஒரு காரணம். அந்தச் செவியைக் கோவலனுக்கும் கொடுத்திருந்தால் இளங்கோவடிகளுக்கு வேறு கதை தேட வேண்டியிருந்திருக்கும்!

இம்முறையில் நேரம் அதிகம் செல்லும் என்பது உண்மை. ஒரு பாடவேளையில் ஒரு வினாவைத் தாண்டுவதே அரிது. மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைகள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஓட்டம் தடைப்படுகிறது என்கிறார்கள். பின்வாங்கிலிருந்து வாய் திறவாத பிள்ளைகளோ இதிலே முன்னுக்கு வருகிறார்கள். அவர்கள் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்!

என் வகுப்பில் புள்ளியில் பாதி, எதிராளியின் கருத்தை அவன் ஒப்பும்படி சொல்வதற்கு. போட்டிகள் நடத்துவோரும் இதைச் செய்து பார்க்கலாம். பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.