மூக்குப்பொடிக்கு எதிர்காலம் உண்டா?

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



என் தலைப்பை அறிவித்தபோது அவையில் எழுந்த சிரிப்பொலியை நானும் கேட்டேன். விழா மேடையில் குறளையோ சிலம்பையோ பேச வேண்டிய தமிழ்ப் பேராசிரியை மூக்குப்பொடியைப் பற்றிப் பேசலாமா என்பது அச்சிரிப்பின் பொருளாக இருக்கலாம். ஆயினும் சென்ற திங்கள் கூட்டத்தில் நம் உறுப்பினர் ஒருவர், "புகைபிடிக்க எங்கும் தடை வந்துவிட்டது, இனி மூக்குப்பொடி மீண்டும் செல்வாக்குப் பெறும்" என்று கூறினார். மற்றொருவர், "பொடிமட்டையோடு ஒரு பண்பாடே போயிற்று" என்று வருந்தினார். ஒருவர் வருங்காலத்தைச் சொன்னார். மற்றவர் கடந்த காலத்தைச் சொன்னார். இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

பெயரிட்ட தமிழ்

புகையிலை நம் மண்ணின் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. சங்கப் புலவர்க்கும் கம்பருக்கும் அது தெரியாது. ஆனால் வந்த பொருளுக்குத் தமிழன் பிறமொழிப் பெயரைக் கடன் வாங்கவில்லை. மிளகைப் போல் உறைத்த காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டவன், புகைப்பதற்குரிய இலைக்குப் புகையிலை என்று பெயரிட்டான். அதையே வறுத்துப் பொடித்து மூக்கில் இட்டபோது மூக்குப்பொடி என்றான். மூக்குத்தூள் என்றும் வழங்கினான். மொழியின் ஆற்றலுக்கு இதுவும் ஒரு சான்று.

புலவர்களும் அதை வாளா விடவில்லை. சேதுநாட்டுப் புலவர் மரபில் வந்த சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பி ஒரு நூல் செய்தார். அன்னமும் கிளியும் தென்றலும் சென்ற வழியில் புகையிலையும் சென்றது! உ.வே. சாமிநாதையர் 1939இல் அதனைப் பதிப்பித்தார். அந்நூலில் வரும் கதை சுவையானது. மும்மூர்த்திகளிடையே வழக்கு ஒன்று எழுகிறது. அவையோர் ஆளுக்கோர் இலையைக் கொடுத்து, மறுநாள் கொண்டுவருமாறு பணிக்கின்றனர். சிவபெருமானிடம் இருந்த வில்வத்தைக் கங்கை கொண்டுபோயிற்று. திருமாலிடம் இருந்த துளசியைப் பாற்கடல் கொண்டுபோயிற்று. நான்முகனோ தன் இலையைக் கலைமகளிடம் கொடுத்துக் காப்பாற்றினான். மற்றையோர் இலைகள் போயின; என் இலை 'போகையிலை' என்று அவன் அவையில் நீட்டினானாம். சிலேடை நமக்குச் சிரிப்பூட்டுகிறது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஓர் உண்மை இருக்கிறது: வந்த இலை போகவில்லை. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

இங்கு ஒரு சொல்லாராய்ச்சி. 'பொடி வைத்துப் பேசுகிறார்' என்னும் வழக்கு மூக்குப்பொடியால் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். பொற்கொல்லர் பற்றவைப்பிற்குப் பொடி வைத்து ஊதுவதிலிருந்து வந்தது அது என்று கொள்வதே பொருத்தம். 'பொடி வைத்து ஊதுதல்' என்னும் முழு வடிவமே அதற்குச் சான்று.

பொடியும் வெண்ணெயூரும்

பொடி செய்யும் முறையைச் சற்று நோக்குவோம். பதப்படுத்திய புகையிலையை வறுத்து, இடித்து, நுண்ணிதாகச் சலித்து, சுண்ணாம்பு நீரும் நெய்யும் சேர்த்துப் பிசறுவர். நெய் பொடியைப் பறக்காமல் பிடித்து, காரத்தைச் சற்றே மட்டுப்படுத்தும். வெண்ணெய்க்கும் நெய்க்கும் பெயர்பெற்ற ஊத்துக்குளியில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது, நல்ல பொருள் எங்கெங்கெல்லாம் துணைபோகிறது என்று எண்ணத் தோன்றுகிறது. சுண்ணாம்பின் வேலையோ வேறு. அது பொடிக்குக் காரத்தன்மை ஊட்டி, நிகோட்டின் என்னும் நச்சு மூக்கின் மென்தோல் வழியே விரைந்து குருதியில் கலக்க வழி செய்கிறது. சிட்டிகைப் பொடி சில நிமிடங்களில் 'சுறுசுறுப்பு' தருவதன் மறைபொருள் இதுவே.

அவ்வாறு செய்த பொடி வாழைப்பட்டை மட்டையில் மடங்கிக் கடைக்கு வந்தது. டி.ஏ.எஸ். ரத்தினம் பட்டணம் பொடி என்னும் பெயரை அறியாத பெரியவர்கள் இந்த அவையில் இருக்கமாட்டார்கள். அறிஞர் அண்ணா பொடி போடுவார் என்பது நாடறிந்த செய்தி. மேடைப் பேச்சாளரும் புலவரும் கணக்கரும் பள்ளியாசிரியரும் பொடியை அறிவின் அடையாளமாகவே கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. எனக்கு யாப்பிலக்கணம் கற்பித்த ஆசிரியர் தந்த தனிப்பாடல் திரட்டில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அவருடைய விரற்கறை பழுப்பாக இருக்கிறது. எப்பாடலை அவர் மிகுதியாகப் பயின்றார் என்பதைக் கறையின் அடர்த்தியைக் கொண்டே கூறிவிடலாம்.

ஆனால் புலவர் கையில் இருந்ததை மட்டும் நினைப்பது அரைகுறை வரலாறு. நம் பகுதியில் பொடி உழைப்பவர் மடியிலும் இருந்தது. பஞ்சு அரவை ஆலையிலும் நூற்பாலையிலும் பீடி பற்றவைக்க இயலாது. ஒரு பொறி போதும், பஞ்சுப் பொதி முழுவதும் எரிந்துவிடும். எனவே நெருப்பில்லாத புகையிலையை நாடினர். மூக்கில் ஏறிய பஞ்சுத் தூசியைத் தும்மல் வெளியேற்றும் என்று நம்பியவரும் உண்டு. பெண்களோ பொடியைப் பல்லில் தேய்த்தனர். ஆடவர் பொடி போட்டால் அது அறிவின் அழகு. பெண்டிர் பல்லில் தேய்த்தால் அது நகைப்புக்குரிய பழக்கம்! இவ்வேறுபாட்டையும் நம் எழுத்துகள் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும்.

தொழிற்சாலையில் நிகழ்ந்தது இங்கிலாந்து நாடாளுமன்றத்திலும் நிகழ்ந்தது. அங்கே மக்களவையில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புகைபிடிக்கத் தடை வந்தது. உறுப்பினர்க்கெனப் பொடிப்பெட்டி ஒன்றை வாயிற்காவலர் வைத்திருப்பது மரபாயிற்று. நெருப்புக்குத் தடை வரும்போது பொடி தலைதூக்கும் என்பதற்கு வரலாற்றில் இடம் உண்டு.

மீண்டும் வருமா?

நம் உறுப்பினரின் வாதத்திற்கு இது துணையாக நிற்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் இந்தியாவில் பொது இடங்களில் புகைபிடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. 2007இல் இங்கிலாந்தில் அத்தகைய தடை வந்தபோது அங்கும் பொடியைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. செருமனியின் பவேரியாவில் பச்சைக் கற்பூர மணம் போலக் குளிர்ச்சி தரும் மென்தால் கலந்த பொடி இன்றும் விற்பனையாகிறது. ஆகவே பொடி அடியோடு அழிந்துவிடும் என்று கூற நான் துணியவில்லை.

எனினும் பழைய செல்வாக்கு மீளும் என்று நான் கருதவில்லை. காரணங்கள் மூன்று. ஒன்று, பொடி ஒரு பொழுதைக் கேட்கிறது. மட்டையைப் பிரித்து, சிட்டிகை எடுத்து, உறிஞ்சி, தும்மி, மேல்துண்டால் துடைத்து, பக்கத்தில் இருப்பவர்க்கும் நீட்ட வேண்டும். ஒன்றரை ஷிப்டு ஓடும் பனியன் கம்பெனியில் பவர் டேபிளின் முன் அமர்ந்தவர்க்கு அந்தப் பொழுது இல்லை. இரண்டு, துணி. வெள்ளைப் பனியன் துணியில் ஒரு பழுப்புக் கறை பட்டால் அது கழிவுத் துணிதான். மூன்று, இளையோரின் கண்ணில் பொடி முதுமையின் சின்னம். கைக்குட்டையின் கறை அவர்க்கு அருவருப்பு.

அப்படியாயின் நாம் மகிழலாமா? இங்கேதான் சீனிச்சர்க்கரைப் புலவரின் சிலேடை உண்மையாகிறது: இலை போகவில்லை. மூக்கை விட்டு உதட்டடிக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவே. சிறு பொட்டலமாக வரும் மெல்லும் புகையிலைக்குப் பொழுதும் வேண்டாம், தும்மலும் இல்லை, மேற்பார்வையாளர்க்கும் தெரியாது. 2016-17இல் நடந்த உலகளாவிய வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோருள் நூற்றுக்கு 21.4 பேர் புகையற்ற புகையிலையைப் பயன்படுத்தினர். புகைப்பவரோ 10.7 பேரே. இரவுப் பணியில் கண்ணயராமல் இருக்க ஒருவர்க்கு இலை வேண்டியிருக்கிறது என்றால், இலை மட்டுமா குற்றவாளி? அந்த இரவையும் சேர்த்தே நாம் கேள்வி கேட்க வேண்டும்.

"பொடியில் புகை இல்லை, ஆகவே தீங்கும் இல்லை" என்பார் உளர். புகையால் நுரையீரலுக்கு வரும் கேடு பொடியால் அவ்வளவாக வருவதில்லை என்பது மெய். மூக்கிலிடும் பொடியைப் பற்றிய ஆய்வுகள் மெல்லும் புகையிலையைப் பற்றியவற்றைவிடக் குறைவு என்பதும் மெய். ஆனால் உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007இல் வெளியிட்ட தொகுதியில், புகையற்ற புகையிலை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று வரையறுத்துள்ளது. நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின் பட்டியலிலும் மூக்குப்பொடி பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. சித்த மருத்துவம் கூறும் நசியம் வேறு, பொடி வேறு; நசியம் நோய்க்கு மருந்து, பொடி தானே ஒரு தேவையை உண்டாக்கி அத்தேவைக்குத் தானே மருந்தாவது. மணத்திற்காக மூக்கிலிட்ட பொடி நாளடைவில் மூக்கின் மணம் உணரும் ஆற்றலையே மங்கச் செய்வதும் உண்டு. யாப்பு கற்பித்த என் ஆசிரியர் தம் இறுதி ஆண்டுகளில் முல்லையின் மணத்தை அறியவில்லை. முல்லைப்பாட்டை வரி பிசகாமல் சொல்லக்கூடியவர் அவர்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பொடி வருத்தத்தோடு விடைபெற வேண்டிய பண்பாடு அன்று. விடை கொடுக்க வேண்டிய பழக்கம். ஆனால் அதனோடு இருந்த ஒன்றை நாம் இழக்க வேண்டியதில்லை. மட்டையைப் பிரித்தவர் தாம் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்தவர்க்கும் நீட்டினார். அந்த நீட்டலில் ஒரு பேச்சுத் தொடங்கிற்று. திண்ணையில் பாட்டுக்குப் பொருள் கண்டதும், ஊர் வழக்குத் தீர்ந்ததும் அப்பேச்சில்தான். இன்றைய பொட்டலமோ தனியே பிரிந்து, தனியே அடங்குகிறது. பத்தாண்டுகளாக இம்மன்றம் செய்துவருவது பொடியில்லாமல் அந்த நீட்டலைக் காப்பதுதான்.

ஆகவே கவிஞர்களே, பழம்பெருமை பேசிப் பொடிமட்டைக்கு இரங்கற்பா பாட வேண்டா. சிட்டிகை, மட்டை, பட்டணம் பொடி என்னும் சொற்களை அகராதிக்காகக் காத்து வையுங்கள். உங்கள் பாட்டு இரவு பதினொரு மணிக்கு இயந்திரத்தின் முன் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும் பெண்ணின் பக்கம் நிற்கட்டும். அவளுக்கு உறக்கம் வேண்டும். உறக்கத்தை விரட்டும் இலை வேண்டா. இந்த மன்றத்தின் அடுத்த பத்தாண்டுத் தொகுதியில் அப்பாட்டைப் படிக்க நான் காத்திருப்பேன்.