சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்
(சாலவாக்கம் ஆறுதல் கூட்டத்தில் பேசியது)



துக்கத்தோடு வந்திருக்கும் உங்களிடம் "அழாதிருங்கள்" என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸை நினைப்பூட்டவே வந்தோம்.

1954-ல் நேர்ந்த வாகன விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. நம்பிக்கை இழந்த நாட்கள் அவருக்கும் இருந்தன. ஆனாலும் கைகள் மீந்திருந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்கில் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உண்டாயிற்று. அவர் கால்களோ கடைசிவரை திரும்பவில்லை.

இழந்தது திரும்பாமலும் மனுஷர் குணமாக முடியும் என்பதை இவரிடம் கற்கிறோம். இன்று ஒருவேளையாவது சாப்பிடுங்கள். ஒருவரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள். நாளைய பாரத்தை நாளை சுமக்கலாம். கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக.