அர்ச்சுனனும் எர்த் கம்பியும்

(செங்கல்பட்டில் செய்த சொற்பொழிவு)



வீட்டு மாடியில் நிற்கும் டெலிவிஷன் ஆன்டெனாவைப் பற்றிப் பேசவா ஒரு கூட்டம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். உயிர் போகிற காரியம் எதுவானாலும் அதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். 1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் துவங்கிய பின், நம் பக்கத்தில் படம் தெளிவாய் விழவேண்டுமென்று உயர உயரமாக இரும்புக் குழாய்களை நட்டார்கள். இன்று கேபிளும் டிஷ்ஷும் வந்து ஆன்டெனா குறைந்துவிட்டது. ஆனால் குழாய் பல வீடுகளில் அப்படியே நிற்கிறது. அதிலேயே டிஷ்ஷை மாட்டுகிறார்கள். துணி காயக் கொடி கட்டுகிறார்கள். அதைப் பூமியோடு இணைத்தவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்கச் சொன்னால் இந்தக் கூட்டத்தில் பத்துக் கை எழும்புமா?

இடி இடித்தால் நம் ஜனங்கள் "அர்ச்சுனா! அர்ச்சுனா!" என்று கத்துகிறார்கள். அந்த அர்ச்சுனன் பெயரால் மாமல்லபுரத்தில் ஒரு பெரிய பாறையே இருக்கிறது. அது அர்ச்சுனன் தபசா, பகீரதன் தபசா என்பதிலேயே பண்டிதர்களுக்குள் இன்னும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. செதுக்கியவனுடைய கைத்திறமை மெச்சத்தக்கது, நானும் மெச்சுகிறேன். ஆனால் மின்னலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி மாண்டவர்கள் 2,800 பேருக்கு மேல் என்று சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. அர்ச்சுனனைக் கூப்பிட மறந்தவர்கள் மட்டுந்தானா செத்தார்கள்?

இந்தப் பைத்தியம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. ஐரோப்பாவில் இடி இடித்தால் மாதா கோயில் மணியை அடித்து அதை விரட்டப் பார்த்தார்கள். உயரமான கோபுரத்துக்குக் கீழே நனைந்த கயிற்றைப் பிடித்துக் கொண்டு நின்றவன் கதி என்னவாகும்? 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் இடி விழுந்து, மணியடித்தவர்கள் 103 பேர் செத்தார்கள் என்று 1784-ல் மியூனிக் நகரத்தில் வெளிவந்த ஒரு புத்தகம் கணக்குக் காட்டிற்று. இதற்குப் பரிகாரம் கண்டவர் பாதிரியாருமல்ல, பண்டிதருமல்ல. பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்ட பிராங்கிளின் என்ற அச்சுத் தொழிலாளி. மின்னலும் மின்சாரமே என்று 1752-ல் மெய்ப்பிக்கப்பட்டது.

இப்போது ஒரு புதுப் புரட்டு கிளம்பியிருக்கிறது. கோபுரக் கலசந்தான் இடிதாங்கியாம், அதில் வரகு போட்டதெல்லாம் விஞ்ஞானமாம், முன்னோர் முட்டாள்களல்லவாம். முன்னோரை முட்டாளென்று நான் சொல்லவில்லை. கலசத்திலிருந்து பூமிக்கு இறங்கும் கம்பி எங்கே என்றுதான் கேட்கிறேன். கம்பியில்லாத கலசம், வடிகாலில்லாத கூரை மாதிரி. இடிதாங்கி என்ற பெயரே தப்பு. அது இடியைத் தாங்குவதில்லை. பூமிக்கு வழி விடுகிறது. 30,000 ஆம்பியர் ஒரு நொடிக்குள் பாயும்போது, வழியிருந்தால் வழியே போகும். இல்லாவிட்டால் சுவர், வயரிங், டி.வி., பக்கத்திலிருக்கும் குழந்தை என்று பார்க்காது.

ஆகவே செய்ய வேண்டிய வேலையைக் கேளுங்கள். குழாயின் அடியில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிக் கிளாம்பு போட்டு, 16 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியை முடுக்க வேண்டும். கம்பி வெளிச்சுவர் வழியாக, முறுக்கி மடங்காமல் நேரே இறங்கட்டும். மடக்கினால் மின்னல் கம்பியை விட்டுத் தாண்டிவிடும். கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வலைப்பின்னலையும் வீட்டுக்குள் நுழையுமுன்பே எர்த்தோடு சேர்க்க வேண்டும்.

நம் பக்கத்து மண்தான் பெரிய தொல்லை. இங்கே தோண்டினால் பாறை. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் மேல்மணல் காய்ந்து கிடக்கிறது. பாறையும் காய்ந்த மணலும் மின்சாரத்தை இலேசில் வாங்கிக் கொள்ளா. எனவே ஈரம் தங்குகிற இடமாகப் பார்த்து, எட்டடிக்குக் குறையாமல் எர்த் குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். கடலோரத்துத் தோழர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். ஐப்பசி மழைக்கு முன் வருஷந்தோறும் இணைப்பைப் பாருங்கள். துருவேறிய கிளாம்பு இருந்தும் இல்லாததுதான்.

சிலர் டி.வி.க்கென்று தனி எர்த் போட்டு, வீட்டு எர்த்தோடு சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள். இது பெரும் ஆபத்து. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டுக்குமிடையே அழுத்தம் வித்தியாசப்பட்டு, அது டி.வி.யின் வயிற்றைக் கிழித்துக் கொண்டு ஓடும். இரண்டையும் தடித்த கம்பியால் கட்டாயம் இணைக்க வேண்டும். மீட்டர் பக்கம் கை வைக்கிற வேலையை லைசென்ஸ் உள்ள எலக்டிரீஷியனிடமே விடுங்கள். குழாய் விழுந்தாலும் தெரு மின்கம்பி மேல் சாயாத தூரத்தில் நிற்கட்டும்.

இவ்வளவு செய்தும் நேரே விழுகிற இடிக்கு டி.வி. தப்புமென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். வீடு தீப்பற்றாமலும், வீட்டிலிருப்பவன் சாகாமலும் இருக்கத்தான் இந்தப் பாடு.

மழை வந்ததும் ஓடிப்போய்க் கேபிளைப் பிடுங்கலாமா என்று ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். இடி கேட்கத் துவங்கிய பிறகு கேபிளையும் பிளக்கையும் தொடவே கூடாது. மேகம் கறுக்கும்போதே இரண்டையும் கழற்றிவிட வேண்டும். மறந்து போயிருந்தால், டி.வி. போனால் போகிறதென்று விட்டுவிட்டுத் தள்ளி உட்காருங்கள்.