ராஜினாமாக் கடிதம்



உள்ளாட்சி என்றால் மேலவளவில் தொடங்குவது நம் வழக்கம். 1997 ஜூன் 30இல் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் பாடியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். இன்று அதே மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டிப் பக்கம் போவோம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலையும் சேர்த்துக்கொள்வோம்.

1996இல் இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் நமக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தல் அறிவிப்பு வரும். மனுத்தாக்கலுக்கு ஆள் வராது. சில முறை ஊரே ஒரு தலித்தைப் பிடித்து நிறுத்தியது. அவர் வென்றார், பதவியேற்றார், கையோடு ராஜினாமா செய்தார். மறுபடி அறிவிப்பு, மறுபடி அதே நாடகம். பத்து ஆண்டுகள்! 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள்.

மேலவளவுக்கு நம்மிடம் கவிதை இருக்கிறது. இந்தப் பத்து ஆண்டுகளுக்கு அந்த அளவுக்கு இல்லை. ரத்தம் சிந்தினால்தான் நமக்கும் எழுத்து வருகிறதோ என்னவோ. அந்த ராஜினாமாக் கடிதத்தை நாம் இலக்கியமாகப் படித்திருக்க வேண்டும். கையெழுத்து தலித்துடையது, வாசகம் ஊருடையது. ஏன் கையெழுத்திட்டார் என்று கேட்பவர்கள், அவர் கூலிக்குப் போகிற காடு யாருடையது, அவசரத்துக்குக் கடன் தருபவர் யார், சேரியிலிருந்து சாலைக்கு வரும் பாதை யார் நிலத்தின் வழியே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். அரிவாள் தேவைப்படாத இடத்தில் அதை எடுக்க மாட்டார்கள்.

நாற்காலி கிடைத்த பிறகும் கதை முடியவில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். துணைத்தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. அந்த இரண்டாவது கையெழுத்தை இழுத்தடித்தால் போதும், தெருவிளக்குக்குப் பல்பு வாங்க முடியாது.

2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராமசபைக்கு முதலமைச்சரே வந்தார். நல்லது. முதலமைச்சர் வராத கிராமசபைகளுக்கு மாணவத் தோழர்கள் போங்கள். தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தலைவர் உட்கார்ந்து பேசினாரா, நின்றுகொண்டிருந்தாரா, அவருக்குப் பதில் வேறு யாரும் பேசினார்களா என்று எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அதை வாசிப்போம்.