மண்ணை உள்ளே வைத்துச் செய்த குப்பி



“பாட்டில் ஃபாக்டரிக்காரன் பாட்டிலைப் பத்தித்தானே பேசுவான்” என்று பின்வரிசையில் நம்ம செட் முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான். ஆனால் இது சுமார் 2,200 வருஷத்துப் பாட்டில்!

வேலை விஷயமாக லண்டன் போனபோது பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தேன். அலெக்சாண்டருக்குப் பிந்தைய கிரேக்கர் காலத்து வாசனைத் தைலக் குப்பி. ஒரு சாண்கூட இருக்காது. கருநீல உடம்பில் மஞ்சளும் வெள்ளையுமாக, இறகு இறகாய்க் கோலம். தைலம் துளித்துளியாக இறங்கக் குறுகிய கழுத்து. தோலில் தடவிக்கொள்ள வசதியாக அகன்ற தட்டை விளிம்பு. ஊதிச் செய்ததென்றே நினைத்தேன். இல்லை. கண்ணாடி ஊதும் வித்தை கி.மு. முதல் நூற்றாண்டில்தான் வந்தது.

பின்னே எப்படி? களிமண், மணல், சாணம் மாதிரிப் பொருட்களைப் பிசைந்து, ஓர் உலோகக் கம்பி முனையில் குப்பியின் உள்வடிவத்தைப் பிடித்தார்கள். அதன்மேல் உருகிய கண்ணாடி. அதற்கும் மேலே வண்ண இழைகளைச் சுற்றி, இளகி இருக்கும்போதே கூர்முனையால் மேலும் கீழும் இழுத்தால் கோலம் விழும். தட்டைக் கல்லில் உருட்டினால் இழை உள்ளே அமுங்கிவிடும். பிறகு மெதுவாக ஆறவிட்டு, கம்பியை உருவி, மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும்.

அந்த ‘மெதுவாக’ இருக்கிறதே, அங்கேதான் நான் மாட்டினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், நைட் ஷிப்ட், அவசர ஆர்டர். பாட்டில் ஆறும் அடுப்பின் பெல்ட் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டேன். பாட்டில்கள் பளபளவென்றுதான் வந்தன. காலையில் லாரியில் ஏற்றும்போது பட், பட் என்று விரிசல். வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே பிறகு சுருங்கினால் இழுவிசை தங்கிவிடும். நம் பாடத்தில் இருந்ததுதான். என் மார்க்கை இங்கே கேட்காதீர்கள். மானேஜர் திட்டவில்லை. உடைசலை என்னையே அள்ளச் சொன்னார்.

அவர்களிடம் வெப்பமானி கிடையாது. போதாக்குறைக்கு, மண்ணும் கண்ணாடியும் ஒரே அளவில் சுருங்காது. மண் விட்டுக்கொடுக்காமல் நின்றால் குப்பி வெடிக்கும். முன்கூட்டியே உதிர்ந்தால் வடிவம் போச்சு! அந்தக் கலவையைக் கைப்பழக்கத்தில் கண்டிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட பல குப்பிகளின் உள்சுவரில் அந்த மண் இன்னும் ஒட்டியிருக்கிறது. கழுத்து வழியே எவ்வளவுதான் சுரண்டுவான், பாவம்.