நரம்புறையிற் பிறக்கும் புற்றுநோய்



புற்றுநோய் என்றதும் வாய், மார்பு, கருப்பை என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. நரம்பிலும் அது வருமோ என்று நீங்கள் வியக்கலாம். அரிதாக வரும், வந்தால் மூர்க்கமாக வரும். நரம்பைப் போர்த்திருக்கும் உறையின் கலங்கள் அடக்கமின்றிப் பெருகுவதே இந்நோய்.

நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேறொரு பிறவி நோயை முன்னரே உடையவர்கள். தோலிலே பால்கோப்பி நிறப் புள்ளிகள், நரம்புகளிலே கட்டிகள். இதனை 1882இல் விவரித்தவர் ஜேர்மானிய அறிஞர் வொன் ரெக்லிங்ஹவுசன். இக்கட்டிகளிற் பெரும்பாலானவை சாதுவானவை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. பல்லாண்டு பழகிய கட்டி திடீரென வளர்ந்து, இறுகி, ஓயாது வலிக்கத் தொடங்கும்போதும், "அது எப்பொழுதும் உள்ளதுதானே" என்று வீட்டார் இருந்துவிடுகின்றனர்.

சிகிச்சையில் முதலிடம் சத்திரசிகிச்சைக்கே. முதல் வெட்டு மிக முக்கியமானது. சாதாரணக் கொழுப்புக் கட்டியென எண்ணித் தோண்டியெடுத்தால், எஞ்சிய கலங்கள் மீண்டும் முளைக்கும். ஆதலின் முதலிற் படம் பிடித்து, ஊசியால் சிறு துண்டெடுத்துச் சோதித்து, பின்னரே கட்டியைச் சுற்றியுள்ள நல்ல இழையத்தோடு சேர்த்து அகற்றுவர். கட்டி தொடையின் பின்புறமுள்ள பெருநரம்பில் இருந்தால் அந்நரம்பையே வெட்ட நேரும். உயிரைக் காக்கப் பாதத்தின் உணர்ச்சியையும் அசைவையும் கொடுக்கச் சம்மதமா என்று ஓர் இளைஞனிடம் கேட்பது எளிதன்று. அவனுக்கு யோசிக்க ஓரிரு நாளாவது கொடுத்தல் வேண்டுமென்பது நம் எண்ணம். அதற்காக மாதங்களைக் கடத்தவும் முடியாது. இந்நோய் நுரையீரலுக்குப் பரவும்.

கதிர்ச்சிகிச்சை கட்டி அதே இடத்தில் திரும்பி வருவதைக் குறைக்கும். ஆனால் அப்பிறவி நோயுள்ளவருக்குக் கதிரே பின்னாளில் இன்னொரு புற்றுக்கு வித்தாகலாம், அளந்தே கொடுப்பர். டொக்ஸோரூபிசின், ஐபொஸ்பமைட்டு என்னும் மருந்துகள் சிலருக்குக் கட்டியைச் சுருக்குகின்றன. பரவிய நோயை அவை முற்றாக ஒழிப்பது அரிது.

2020இல் அமெரிக்காவில் செலுமெற்றினிப் என்ற மருந்து அனுமதி பெற்றபோது, நரம்புப் புற்றுக்கு மருந்து வந்துவிட்டதென்று நம்முட் சிலர் மகிழ்ந்தோம். பாடத்தைச் சரியாகப் படிக்காததன் விளைவு அது! அறுத்தெடுக்க முடியாது துன்புறுத்தும் சாதுவான நரம்புக் கட்டியுள்ள சிறுவர்க்கே அது அனுமதிக்கப்பட்டது. புற்றாக மாறிய கட்டிக்கு இன்றும் நம்பத்தக்கது, காலத்தே செய்யப்படும் அந்த முதற் சத்திரசிகிச்சையே.