கையால் வளர்த்த காட்டுத்தாரா

வேட்டை என்றதும், காட்டிலே தானே பிறந்து தானே வளர்ந்த விலங்கையோ பறவையையோ மனிதன் தேடிச் செல்லும் காட்சியே மனத்தில் எழும். ஒரு பறவையை முட்டைப் பருவம் முதல் பேணி வளர்த்து, நீர்நிலையில் விடுவித்து, பின்னர் அதனையே சுடுவதென்பது நேயர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயின் இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் இது பழகிப்போன வழக்கம். கமக்காரரும் அவர்தம் அயலவரும் சிலராகக் கூடி நடத்தும் சிறு வேட்டைகளிலும் இதனைக் காணலாம்.

இவ்வாறு வளர்க்கப்படுவது மல்லாட் என்னும் காட்டுத்தாரா. ஆணுக்குப் பச்சை மினுங்கும் தலையும் வெண்மையான கழுத்து வளையமும் உண்டு. பெண் கபில நிறத்தது. உலகெங்கும் வீடுகளில் வளரும் தாராக்களுட் பெரும்பாலானவை இதன் வழித்தோன்றல்களே.

இதனை வளர்ப்பது கடினமன்று. முட்டைகள் ஏறக்குறைய 28 நாட்களிற் பொரிக்கும். குஞ்சுகளுக்கு முதற் சில வாரங்கள் விளக்கின் வெப்பமும் புரதம் மிகுந்த தீனும் வேண்டும். தாயின்றிப் பொரித்த குஞ்சின் தூவிகள் நீரை எளிதில் உறிஞ்சிவிடும். நனைந்தால் குளிரால் இறக்கும். ஆகையால், குடிக்க இயலுமேயன்றிக் குளிக்க இயலாதவாறு ஆழமற்ற கலத்தில் நீர் வைப்பர். ஏறத்தாழ ஆறு, ஏழு வாரங்களில், பறக்கத் தொடங்குமுன், குளத்தில் விடுவர். நரிக்கு எட்டாத சிறு தீவோ மிதவையோ அங்கு இருத்தல் நன்று. கோதுமையையும் வாற்கோதுமையையும் குளத்தோரத்து ஆழமற்ற நீரில் தூவுவர்.

இடர்ப்பாடு இதன்பின்னரே தொடங்குகின்றது. தாரா விரைவிற் பழகும் பறவை. தீன்வாளியின் ஓசை கேட்டால் கூட்டமாக ஓடிவரும், மனிதனை நம்பும். நம்பிய பறவை பறப்பதில்லை. பறந்தாலும் தாழப் பறந்து, குளத்தைச் சுற்றி மீண்டும் அங்கேயே இறங்கும். அதனைச் சுடுவது வேட்டையாகாது. கோழிக்கூட்டிற் புகுந்து சுடுவதற்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. எனவே வளர்ப்பவன் ஒரு கையால் உணவளித்து, மறு கையால் அச்சத்தையும் காத்துக் கொடுக்க வேண்டியவனாகின்றான்.

இதற்கு நல்ல வேட்டைக் காவலர் சில நெறிகளைக் கைக்கொள்வர். குளத்தின் பரப்பிற்கேற்பச் சில பறவைகளையே விடுவர்; மிகுந்தால் நீர் கலங்கும், கரைச்செடி அழியும், நோய் பரவும். குஞ்சுகளோடு கொஞ்சிப் பழகார். அவை வலுவாகப் பறக்கக் கற்கும்வரை துப்பாக்கியைத் தொடார். ஒருமுறை சுட்டபின் பல நாட்கள் குளத்தை அமைதியாக விட்டுவைப்பர். 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்நிலைகளில் செப்டெம்பர் முதலாந் திகதி தொடக்கம் ஜனவரி 31 வரையே தாராவைச் சுடலாம். சேற்றிற் புதைந்த ஈயக் குண்டுகளை உண்டு நீர்ப்பறவைகள் நஞ்சேறி இறந்தமையால், 1999இல் அங்கு தாரா வேட்டைக்கு ஈயக் குண்டு தடைசெய்யப்பட்டது.

இவ்வழக்கத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. 1908இல் அந்நாட்டு நீர்ப்பறவை வேட்டையாளர் ஒரு சங்கம் அமைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சங்கத்தார் மல்லாட்டுக்களை வளர்த்து, காலில் வளையமிட்டு விடுவித்தனர். சுடுவதற்கு மட்டுமன்றி, காட்டினத்தைப் பெருக்குவதும் அவர்தம் நோக்கமாகும்.

நல்லெண்ணம் ஒன்றே போதுமானதன்று என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. மல்லாட்டின் அலகோரத்தில் சீப்பின் பற்கள் போன்ற மென்தகடுகள் உள்ளன. நீரை வடித்து நுண்விதைகளைப் பிரித்தெடுக்க அவை உதவும். தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த தீனையே தின்ற பண்ணைப் பறவைகளில் இத்தகடுகள் குறைந்திருப்பதை ஐரோப்பிய ஆய்வாளர் கண்டனர். விடுவிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை நெடுநாள் வாழ்வதில்லை. எஞ்சியவை காட்டுத்தாராவோடு கலக்கின்றன. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஐரோப்பியப் பண்ணைத் தாராக்களின் மரபணு காட்டினத்திற் பெரிதும் கலந்துவிட்டமை வெளிப்பட்டுள்ளது.

ஆகவே, எத்தனை பறவைகளை விடுவித்தோம், எத்தனையை வீழ்த்தினோம் என்ற கணக்கு ஒரு வேட்டையின் தகுதியை உரைக்காது. விடுவித்த பறவைக்கு உயரப் பறந்து தப்பும் ஆற்றல் இருந்ததா, தப்பியது தானே உணவு தேடி வாழுமா, வீழ்ந்தது வீணாகாது அடுக்களையைச் சேர்ந்ததா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். இவற்றிற்கு ஆம் என்று விடையளிக்க இயலாதவிடத்து, விடுவிக்கும் தொகையைக் குறைப்பதே வளர்த்தவனின் கடமையாகும்.